ஹால்சிமாவா, கார்டனா: அமெரிக்க வேர் கொண்ட இரண்டு பிலிப்பைன்ஸ் மேயர்கள்

வெளிநாட்டு வேர் கொண்ட ஒருவர் மேயர் நாற்காலிக்கு வர பிலிப்பைன்ஸில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, அமெரிக்கா அந்த நாட்டை ஆண்ட காலத்து மேலிடத்து நியமனம். இன்னொன்று, குடிமகனாகி ஓட்டுக் கேட்பது.

முதல் வழியில் வந்தவர் யூசிபியஸ் ஹால்சிமா. 1882இல் அமெரிக்காவின் ஒஹையோவில் பிறந்த பொறியாளர். 1920 முதல் 1937 வரை வடக்கு மலை நகரமான பாகியோவின் மேயர். பாகியோவிலிருந்து போன்டோக் போகும் மலைச்சாலைக்கு இன்றும் அவர் பெயர்தான். அடோக் பக்கம் சுமார் 2,250 மீட்டர் உயரம் ஏறும் அந்தப் பாதை வழியாகத்தான் பெங்கெட் மாகாணத்து முட்டைகோசும் கேரட்டும் கீழே இறங்குகின்றன. பதவி போன பிறகும் அவர் ஊர் திரும்பவில்லை. இரண்டாம் உலகப் போரில், 1945 மார்ச்சில் பாகியோவில் விழுந்த அமெரிக்க விமானக் குண்டுகளிலேயே இறந்துபோனார். இதைப் படிக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

ஆனால் பாகியோ இபலோய் பழங்குடி மக்களின் பூமி. தன் நிலத்துக்காக அவர்களில் ஒருவரான மத்தேயோ கரினோ தொடுத்த வழக்கு, அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1909இல் அவருக்குச் சாதகமாக முடிந்தது. அப்படிப் போராடிய மக்களுக்கு, மேயர் சரியில்லை என்றால் மாற்ற ஒரு ஓட்டுகூடக் கிடையாது.

இரண்டாம் வழியில் வந்தவர் ஒலோங்காப்போ ஊரின் ஜேம்ஸ் கார்டன். அவர் புலம்பெயர்ந்தவர் அல்ல, அங்கே குடியேறிய அமெரிக்கரின் மகன். பிலிப்பைன்ஸ் குடியுரிமையைத் தானே தேர்ந்தெடுத்தார். அந்த ஊர் 1959 டிசம்பர் வரை அமெரிக்கக் கடற்படையின் கையில் இருந்தது. குடியிருந்த மண்கூட மக்களுக்குச் சொந்தமில்லை. ஊரைப் பிலிப்பைன்ஸிடம் ஒப்படைக்கச் சொல்லிக் குரல் கொடுத்தவர்களில் கார்டன் முக்கியமானவர். அப்புறம் தேர்தலில் வென்று மேயரானார். 1966இல் ஒலோங்காப்போ மாநகரமானது. 1967 பிப்ரவரி 20 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

சாலை, மின்சாரம் என்று எடை போட்டால் ஹால்சிமா பக்கம் தட்டு தாழும். என் ஓட்டு கார்டனுக்கே. அவர் வழியிலும் ஒரு குறை உண்டு: பின்னால் மனைவி அமேலியா, மகன் ரிச்சர்ட் என்று பதவி வீட்டுக்குள்ளேயே சுற்றியது. ஆனாலும் அவர்களும் தேர்தல் வழியாகத்தான் பதவிக்கு வந்தார்கள், அங்கே மக்கள் மறுக்க இடமிருந்தது.

இன்று முதல் வழி மூடிவிட்டது. 1991ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி மேயர் வேட்பாளர் பிலிப்பைன்ஸ் குடிமகனாக, பதிவான வாக்காளராக, ஓராண்டாவது அந்த ஊரில் வசித்தவராக இருக்க வேண்டும். பிறப்பாலேயே குடிமகனாக இருக்க வேண்டும் என்பது அதிபர், நாடாளுமன்றத்தார் போன்ற பதவிகளுக்குத்தான். குடியேறிக் குடியுரிமை பெற்றவரும் மேயராகலாம். கூடவே, ஃபிலிப்பினோவோ உள்ளூர் மொழியோ எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குப் பிடித்த நிபந்தனை இதுதான். சந்தையில் காய் விற்கும் அம்மா எழுதிக் கொடுக்கும் மனுவை மேயர் தானே படிக்க வேண்டும் இல்லையா?