நாலு கிலோமீட்டருக்கு எந்த பாட்காஸ்ட்?

நடக்கும்போது கேட்க நல்ல பாட்காஸ்ட் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், எங்கே நடக்கிறீர்கள், எவ்வளவு நேரம் என்று நான் திருப்பிக் கேட்பேன். வீட்டில் உட்கார்ந்து கேட்டால் சொக்கவைக்கும் நிகழ்ச்சி ரோட்டில் ஒன்றுக்கும் உதவாமல் போவதுண்டு. எனக்கு ஒரு காதில் மட்டும்தான் இயர்போன். இன்னொரு காது பின்னால் வரும் தண்ணீர் லாரிக்கு. சிக்னலைக் கடக்கும் பத்து நொடி எதுவும் மண்டையில் ஏறாது. அந்தப் பத்து நொடி போனாலும் கதை கையை விட்டுப் போகக்கூடாது.

இதில் பொது வானொலியிலிருந்து, அதாவது லாபத்துக்காக நடத்தாத வானொலியிலிருந்து, வந்த நிகழ்ச்சிகளுக்கு ஓர் அனுகூலம் உண்டு. நடுவில் வந்து வானொலியைத் திருப்புகிறவரை மனதில் வைத்துப் பேசியே அவர்களுக்குப் பழக்கம். யார் பேசுகிறார், எதைப் பற்றி என்று அவ்வப்போது நினைவுபடுத்திக்கொண்டே போவார்கள். நண்பர்கள் இரண்டு பேர் மைக் வைத்து அரட்டை அடிக்கும் பாட்காஸ்ட்களில் அந்த ஒழுங்கு குறைவு.

என் ஃபோனில் சில வருடங்களாக மாறி மாறி ஓடுபவை ஐந்து. அவற்றில் கைத்திறனில் முதல் இடம் ரேடியோலேப் என்ற அறிவியல் நிகழ்ச்சிக்கு. 2002இல் நியூயார்க்கின் டபிள்யூஎன்ஒய்சி பொது வானொலி நிலையத்தில் தொடங்கியது. அதை உருவாக்கிய ஜாட் அபும்ராட் இசையமைப்பு படித்தவர். அது ஒவ்வொரு நொடியிலும் தெரியும். 2012இல் நிறங்களைப் பற்றி ஒரு பகுதி வந்தது. நாய் பார்க்கும் வானவில், மனிதன் பார்ப்பது, பட்டாம்பூச்சி பார்ப்பது என்று ஒரு பாடகர் குழுவை வைத்து வண்ணங்களைக் குரலாக மாற்றிக் காட்டினார்கள். கடைசியில், கண்ணில் நிறமுணரிகள் மிக அதிகம் உள்ள மான்டிஸ் இறால் வரும்போது மொத்தக் கோஷ்டியும் சேர்ந்து பாடும். வீட்டில் கேட்டபோது புல்லரித்தது. அதையே பஸ் ரூட்டில் ஒற்றைக் காதில் கேட்டேன். பாடகர்களில் பாதிப் பேர் ஹாரனில் கரைந்துபோனார்கள். ஃபோன் செட்டிங்கில் 'மோனோ'வைப் போட்டால் இரண்டு பக்கச் சத்தமும் ஒரே காதில் வரும், ஆனால் முணுமுணுப்பும் அடுக்கடுக்கான ஒலிகளும் ஒன்றோடொன்று குழம்பிவிடும். ஆகவே ஐந்தில் சிறந்தது நடைக்கு லாயக்கில்லாதது. வருத்தம்தான், ஆனால் அதுதான் நிலைமை.

திஸ் அமெரிக்கன் லைஃப் 1995இல் சிகாகோவில் அய்ரா கிளாஸ் ஆரம்பித்தது. ஒரு தலைப்பு, அதற்குள் சில கதைகள், மொத்தம் ஒரு மணி நேரம். எனக்கு இது ஞாயிற்றுக்கிழமைச் சமாச்சாரம். வார நாளில் பாதியில் நிறுத்தினால் மறுநாள் விட்ட இடத்தில் மனம் ஒட்டுவதில்லை. அமெரிக்க உச்சரிப்பு பிடிபடாதவர்களுக்கு ஓர் ஆறுதல்: முழு உரையும் அவர்கள் தளத்தில் கிடைக்கும்.

பொருளாதாரம் பேசும் பிளானட் மணி இதன் வயிற்றில் பிறந்த பிள்ளை. 2008இல் அமெரிக்க வீட்டுக்கடன் நெருக்கடி பற்றித் திஸ் அமெரிக்கன் லைஃபில் வந்த ஒரு மணி நேர நிகழ்ச்சி பேசப்பட்டதும், அமெரிக்கப் பொது வானொலி அமைப்பான என்பிஆர் இதைத் தனியாகத் தொடங்கியது. இருபது, இருபத்தைந்து நிமிடம். இரண்டு கிலோமீட்டரில் முடிந்துவிடும். 2013இல் ஒரு டி-ஷர்ட்டைத் தாங்களே தயாரித்து அது வந்த வழியைப் பின்தொடர்ந்தார்கள்: பருத்தி மிசிசிப்பியில், நூல் இந்தோனேசியாவில், தையல் வங்கதேசத்திலும் கொலம்பியாவிலும். திருப்பூர்ப் பக்கம் வந்திருந்தால் இன்னும் ரெண்டு எபிசோட் தேறியிருக்கும். குறை என்றால் பேசுகிறவர்களின் சிரிப்புதான். காலை ஆறு மணிக்கு அவ்வளவு உற்சாகம் எனக்குத் தாங்காது.

சரி, ரோட்டுக்கு எது? நைன்டி நைன் பர்சென்ட் இன்விசிபிள். கண்ணில் பட்டும் கவனத்தில் படாத வடிவமைப்புகளைப் பற்றியது. 2010இல் சான் பிரான்சிஸ்கோவின் கேஏஎல்டபிள்யூ பொது வானொலிக்காக ரோமன் மார்ஸ் செய்த குட்டி நிகழ்ச்சி இது. ஆரம்பத்தில் நாலைந்து நிமிடம்தான். 2021இல் தனியார் நிறுவனம் வாங்கிவிட்டது என்பதால் பொது வானொலி என்று இன்று சொல்வது பிறப்பை வைத்துத்தான். மார்ஸின் குரல் தாழ்ந்தது, ஆனால் தெளிவானது. ஹாரனுக்கு அடியிலும் கேட்கும்.

இது நடைக்குப் பொருந்தக் குரல் மட்டும் காரணமில்லை, பேசும் பொருள் காலடியிலேயே கிடக்கிறது. நடைபாதை விளிம்பைச் சரிவாக இறக்கியிருப்பார்களே, அதைப் பற்றி ஒரு பகுதி உண்டு. போலியோவால் சக்கர நாற்காலிக்கு வந்த எட் ராபர்ட்ஸும் அவருடைய தோழர்களும் கலிபோர்னியாவின் பெர்க்லியில் போராடிய கதை. சக்கர நாற்காலிக்காக வந்த சரிவு இப்போது குழந்தை வண்டிக்கும் பெட்டி இழுப்பவர்க்கும் உதவுகிறது. அதைக் கேட்டபடி என் தெருவில் வந்தேன். இங்கும் சரிவு இருக்கிறது. ஏறினால் நேரே ஒரு டிரான்ஸ்ஃபார்மர். கல்வெட்டைக் கண்டால் நின்று படியுங்கள் என்று மார்ஸ் சொல்லுவார். நம் ஊரில் படித்தால் பெரும்பாலும் திறந்துவைத்தவர் பெயர்தான் தெரியும், அது வேறு விஷயம்.

வண்டி வராத மைதானத்தில் சுற்றுகிறீர்களா? அப்போது என் ஓட்டு பிபிசி ரேடியோ 4 ஒலிபரப்பும் 'இன் அவர் டைம்' நிகழ்ச்சிக்கு. 1998 முதல் 2025 வரை மெல்வின் பிராக் நடத்தியது. மூன்று பேராசிரியர்கள், ஒரு தலைப்பு, பின்னணி இசை கிடையாது, கதை சொல்லும் ஜாலமும் கிடையாது. அசோகர் வரும், உபநிடதங்கள் வரும், அடுத்த வாரம் ஏதாவது கணிதத் தேற்றம் வரும். யாராவது சுற்றி வளைத்தால் பிராக் நடுவில் வெட்டி இழுத்துவருவார். முதலில் எரிச்சலாக இருக்கும், நாலாவது வாரத்தில் நாமே அந்த வெட்டுக்குக் காத்திருப்போம். ரோட்டில் இது தோற்பது பெயர்களால். ஒரு பெயர் நழுவினால் அடுத்த பத்து நிமிடம் யாரைப் பற்றிப் பேச்சு என்று தெரியாது. மைதானத்தில் அந்தப் பயம் இல்லை.

நீளமும் கச்சிதம். ஐம்பது நிமிடம் என்பது என் நடையில் நாலு கிலோமீட்டர். நிகழ்ச்சி முடிந்த பிறகும் பாட்காஸ்டில் கொஞ்சம் மீதி இருக்கும். எதை விட்டுவிட்டோம் என்று பிராக் கேட்பார், பேராசிரியர்கள் அவசரம் இல்லாமல் பேசுவார்கள். அப்புறம் தயாரிப்பாளர் உள்ளே வந்து, டீயா காபியா என்று விசாரிப்பார். அந்த நேரத்துக்கு நான் மைதானத்தின் கேட்டைத் தாண்டி டீக்கடை வாசலுக்கு வந்திருப்பேன்.