கூகுள் மேப்பில் முதலிடம் வாங்கித் தருகிறோம் என்று கடைக்கு வருபவர்களிடம் கைபேசியைக் கொடுத்துவிடாதீர்கள்

ஒட்டன்சத்திரத்தில் என் அப்பா தொடங்கிய மோட்டார் வைண்டிங் கடையை, அதாவது எரிந்துபோன மோட்டார்களுக்குச் செப்புக் கம்பி சுற்றிச் சரிசெய்யும் கடையை, நான் நடத்தி வருகிறேன். கூகுள் தேடலில் எங்கள் கடையை முன்னுக்குக் கொண்டுவருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்திடம் 24,000 ரூபாயையும், அதைவிட மேலாக ஒரு கோடைக்கால வியாபாரத்தையும் இழந்தேன். அதே ஆட்கள் இப்போது எங்கள் பகுதியில் மற்றக் கடைகளுக்கும் போய்க்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டதால், நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

2024 ஏப்ரலில் இரண்டு இளைஞர்கள் கடைக்கு வந்தார்கள். கூகுளின் அங்கீகாரம் பெற்றவர்கள் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, ஓராண்டுக்கு 24,000 ரூபாய் முன்பணமாகக் கேட்டார்கள். பணத்தை யூபிஐ வழியாக அனுப்பினேன். ஜிஎஸ்டி பில் பிறகு வரும் என்றார்கள், வரவே இல்லை. எங்களுக்கு 2018 முதலே கூகுளில் கடைப் பதிவு இருந்தது. இப்போது கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்று அழைக்கப்படும் அந்தப் பதிவில் தங்கள் மின்னஞ்சலை ஓனராகச் சேர்க்கச் சொன்னார்கள், சேர்த்தேன். எட்டு நாள் கழித்து, படம் ஏற்ற வேண்டும் என்று சொல்லி மறுபடி வந்த ஒருவர், நான் ஒரு மோட்டாருக்குள் கம்பிச் சுருள் இறக்கிக்கொண்டிருந்தபோது என் கைபேசியை வாங்கி ஏதோ செய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கை முழுக்க வார்னிஷ் இருந்ததால் நான் திரையைப் பார்க்கவில்லை. புதிதாகச் சேர்க்கப்பட்ட ஓனருக்கு முதல் ஏழு நாள்களுக்கு முதன்மை உரிமையை மாற்றித்தர கூகுள் அனுமதிப்பதில்லை என்பதும், அந்த எட்டு நாள் இடைவெளி எதற்காக என்பதும் ஓராண்டு கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அன்று முதல் என் கடைப் பதிவுக்கு அவர்கள் முதன்மை ஓனர். நான் வெறும் மேனேஜர், யாரையும் சேர்க்கவோ நீக்கவோ உரிமை இல்லாதவன்.

ஒரு மாதத்தில் வந்து, கடைக்குள் நின்றபடியே “மோட்டார் வைண்டிங்” என்று தேடிக் காட்டினார்கள். எங்கள் கடை முதலாவதாக வந்தது. நானும் அப்பாவும் மனம் நிறைந்து போனோம். ஆனால், உள்ளூர்த் தேடலில் கடைகளை வரிசைப்படுத்த கூகுள் பார்ப்பவை முக்கியமாக மூன்று: தேடியதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுபவர் நிற்கும் இடத்திலிருந்து கடைக்கு உள்ள தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது. கடைக்குள்ளேயே நின்று தேடினால் தூரம் என்பதே இல்லை. அவர்கள் எதுவும் செய்யாமலிருந்தாலும் நாங்கள் மேலே வந்திருக்கக்கூடும். பிறகு ஒருநாள் தாராபுரம் சாலையில் ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு தோட்டத்துக்கு மோட்டார் கழற்றப் போனபோது, அங்கிருந்து அதே சொல்லைத் தேடிப் பார்த்தேன். முதல் மூன்றில் நாங்கள் இல்லை. பணம் கொடுத்து இந்த வரிசையில் மேலே வர முடியாது என்று கூகுள் தன் உதவிப் பக்கத்திலேயே வெளிப்படையாக எழுதியிருக்கிறது. விளம்பரம் என்பது வேறு, அது விளம்பரம் என்ற குறிப்போடுதான் வரும்.

அவர்கள் செய்த வேலை என்று பார்த்தால், கடைப் பெயருக்குப் பின்னால் “பெஸ்ட் சப்மெர்சிபிள் மோட்டார் சர்வீஸ்” என்று சேர்த்தார்கள். பெயர்ப்பலகையில் இல்லாத சொற்களைப் பெயரோடு சேர்ப்பது கூகுளின் விதிக்கு எதிரானது, பதிவே முடக்கப்படலாம். அடுத்து, எங்கள் கடைக்கு ஒருநாளும் வந்திராதவர்களின் பெயரில் ஐந்து நட்சத்திர மதிப்புரைகள் வந்தன. ஒன்றில், ஏசி பழுதை நன்றாகச் சரிசெய்து கொடுத்ததற்கு நன்றி என்று எழுதியிருந்தது. நாங்கள் ஏசியைத் தொடுவதே இல்லை. அப்பா முப்பது ஆண்டுகளாகச் சம்பாதித்த பெயரின் கீழே அந்தப் பொய்யைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வேதனையைச் சொல்லி முடியாது.

2025 மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்ததும் மீண்டும் 24,000 ரூபாய் கேட்டார்கள். மறுத்தேன். ஏப்ரல் முதல் வாரத்தில் என் மேனேஜர் உரிமையும் நீக்கப்பட்டது. கிணற்றில் தண்ணீர் இறங்கி, மின்னழுத்தமும் குறைந்து மோட்டார்கள் புகையும் மாதங்கள் அவை. எங்களுக்கு ஆண்டின் பாதி வருமானம் அப்போதுதான். அழைப்புகள் திடீரென நின்றன. பழைய வாடிக்கையாளரான ஒரு பெரியவர் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, “ஏப்பா, கடைய மூடிட்டீங்கன்னு போன்ல சொன்னாங்களே?” என்றார். அவர் கைபேசியை வாங்கிப் பார்த்தேன். மேப்பில் எங்கள் கடைப் பெயருக்குக் கீழே இருந்த எண் எங்களுடையது அல்ல. அந்த எண்ணில் எடுத்தவர், இந்தக் கடை மூடப்பட்டுவிட்டது என்று சொல்லி வேறொரு கடைக்கு வழி சொல்லியிருக்கிறார்.

மீட்டது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் இதற்கும் பணம் கேட்டு வருவார்கள். கூகுளில் நம் கடைப் பதிவைத் திறந்து உரிமை கோரி விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. இப்போதைய ஓனருக்குப் பதில் சொல்ல மூன்று நாள் அவகாசம். அவர்கள் பதில் சொல்லவில்லை. அதன் பிறகு, வீடியோ வழியாகக் கடையை உறுதிப்படுத்தும் வாய்ப்பு கிடைத்தது. சாலையில் தொடங்கி, பக்கத்துக் கடைகள், எங்கள் பெயர்ப்பலகை, நான் ஷட்டரைத் திறப்பது, உள்ளே வைண்டிங் மெஷின், செப்புக் கம்பிச் சுருள்கள் என்று இடையில் வெட்டாமல் ஒரே ஓட்டமாகப் பதிவு செய்து அனுப்பினேன். உரிமை திரும்பியது. எண்ணையும் பெயரையும் திருத்தினேன், பொய் மதிப்புரைகளைப் புகாரளித்தேன். சில நீக்கப்பட்டன, சில இன்னும் இருக்கின்றன.

பணத்துக்காக 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் கொடுத்திருக்கிறேன். வியாபாரத்துக்காக வாங்கிய சேவை என்பதால் நுகர்வோர் புகார் செல்லாது என்று சிலர் சொன்னார்கள். சுயதொழில் செய்து பிழைப்பவர் தன் பிழைப்புக்காகவே வாங்கும் பொருள்களுக்கு, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது; ஆனால் அந்த விலக்கில் சேவை என்ற சொல் இல்லை என்பதால், என் புகார் செல்லுமா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நீங்கள் யாரிடமாவது இந்த வேலையை ஏற்கெனவே ஒப்படைத்திருந்தால், இன்றே உங்கள் கடைப் பதிவின் அமைப்புகளைத் திறந்து, முதன்மை ஓனர் என்ற இடத்தில் யாருடைய மின்னஞ்சல் இருக்கிறது என்று பாருங்கள். வேலைக்கு ஆள் தேவையென்றால் அவரை மேனேஜராக மட்டும் சேருங்கள். கூகுளிலிருந்து உறுதிப்படுத்தலுக்காக வரும் குறியீட்டு எண்ணை (ஓடிபி) எவரிடமும் சொல்லாதீர்கள். முதலிடம் காட்டுகிறேன் என்று ஒருவர் உங்கள் கடைக்குள் நின்று தேடினால், அவரை ஐந்து கிலோமீட்டர் தள்ளிப் போய் அங்கிருந்து தேடிக் காட்டச் சொல்லுங்கள்.