மீனைத் தாளில் ஒற்றியெடுக்க: ஜார்ஜ் டவுன் கடை ஒன்றில் வாங்கிய பொருள்கள் பற்றி

பிடித்த மீனின் மேல் மை தடவித் தாளில் ஒற்றி, அதன் உண்மையான அளவையும் செதில் வரிசையையும் பதிந்து வைக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டு ஜப்பானியத் தூண்டில்காரர்களிடம் இருந்தது. கியோத்தாக்கு எனப்படும் இம்முறைக்கு வேண்டியவற்றைப் பினாங்கில் தேடி அலைய வேண்டியதில்லை. சீனத் தூரிகை எழுத்துக்கான பொருள்களை விற்கும் கடை ஒன்று போதும். பினாங்கின் பத்து மாவுங் பக்கம் கிடைத்த சியாக்காப் (கொடுவா) மீனுக்காக, ஜார்ஜ் டவுனின் பழைய பகுதியிலுள்ள அத்தகைய கடையொன்றில் வாங்கியவற்றைப் பற்றியதே இம்மதிப்பீடு.

முழு மதிப்பெண் தாளுக்குத்தான். சீனத் தூரிகை எழுத்துக்கான சுவான் தாளில் இரு வகை உண்டு: படிகாரம் கலந்த பசை ஏற்றியது மையை மேலேயே நிறுத்திவிடும், ஏற்றாதது மையை உடனே உறிஞ்சிக்கொண்டு, துடுப்பின் ஒவ்வொரு முள்ளையும் காட்டும். கடைக்கார அம்மாள் மலாயில் "எழுதவா, ஒற்றவா?" என்று கேட்டுவிட்டு இரண்டாவது வகையை எடுத்துக் கொடுத்தார். ஈரம் பட்டாலும் கிழியாமல் மீனின் வளைவோடு படிந்த அத்தாளின் விலை, ஒரு நல்ல செயற்கை இரைக்கு நாம் கொடுப்பதைவிடக் குறைவு.

புட்டியில் வரும் கரி மையும் நன்று. கரியாலான மை வெளிச்சத்தில் மங்குவதில்லை. ஆனால் மிக அடர்த்தியானது என்பதால் சிறிது நீர் கலந்து மெல்லியதாகப் பூச வேண்டும். அதற்கு முன் மீனின் வழவழப்பை உப்பு தேய்த்துக் கழுவி, நன்றாகத் துடைத்து, செவுளுக்குள் டிஷ்யூ தாளை அடைக்காவிட்டால், கசியும் நீர் எந்த உயர்ந்த தாளையும் பாழாக்கிவிடும். கண்ணை மட்டும் பிறகு தூரிகையால் வரைந்துகொள்ளலாம். மீனைக் குழம்புக்கும் எடுக்க நினைப்பவர்கள் புட்டி மையைத் தவிர்த்துக் கணவாய் மையை நாடுவதே முறை. பதிவு சற்றுப் பழுப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

குறை சொல்ல வேண்டியது, பதிவுக்கு அக்கடையில் கண்ணாடிச் சட்டம் போட்ட பணியைத்தான். சுருங்கிய தாளின் பின்னால் வேறொரு தாளை ஒட்டி நீவியது அருமையான வேலை; ஆயினும் கண்ணாடியைத் தாளோடு நேரடியாக ஒட்டி வைத்துவிட்டனர். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்த இடைவெளியின்மையே பூஞ்சைக்கு வழிவிடும். நடுவே அட்டை விளிம்பு வைக்கும்படி கேட்டதும் மறுக்காமல் மாற்றித் தந்தார்கள் என்றாலும், கேட்காமலே செய்திருக்க வேண்டியது அது.

இதே கடையில் செதில், தூண்டில் முள் முதலியவற்றைப் பதித்து வைக்க உதவும், ஊற்றியபின் இறுகும் ரெசின் என்ற செயற்கைப் பிசின் அடங்கிய பெட்டியும் விற்கிறது. முழுதாகக் காயாத செதிலை அதில் இட்டால் குமிழியும் வெண்மூட்டமும் வருவது உறுதி. வெயில் படும் இடத்தில் நாளடைவில் மஞ்சளாகவும் மாறும். அந்தப் பணத்திற்கு இன்னொரு கட்டுத் தாள் வாங்கலாம்.