ஹெக் செல் புரதம் என்று விற்றார்கள், வந்தது ஈ. கோலை புரதம்: பிடி-1 வாங்குவோர் கவனத்துக்கு

மறுசேர்க்கை முறையில் (மரபணுவை வேறு செல்லில் புகுத்தி) தயாரித்த மனித பிடி-1 புரதம் வாங்கப்போகிற ஆய்வகங்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் ஒரு விநியோகஸ்தர் மூலம் நாங்கள் வாங்கியதும் டேட்டாஷீட்டில் இருந்ததும் ஒன்றல்ல. பணம் போனது ஒரு பக்கம். அந்தப் புரதத்தை நம்பி ஒரு ஸ்காலர் செய்த சோதனைகள் மொத்தமும் வீணாகிவிட்டன, எனக்கு அதுதான் ஆறவில்லை.

பிடி-1, நோய் எதிர்ப்பு வேலை செய்யும் டி செல்களின் மேல் இருக்கும் ஏற்பி. 1992இல் கியோட்டோவில் தசுகு ஹோஞ்சோவின் குழு கண்டறிந்தது. 2018இல் அவருக்கு நோபல் கிடைத்தது. புற்றுநோய் மருந்துகளில் பல இதைக் குறிவைப்பதால் சந்தையில் இந்தப் புரதத்தை விற்காதவர்களே இல்லை. விலையும் குறைவில்லை. இளநிலை ஆய்வாளருக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், நாங்கள் வாங்கிய 100 மைக்ரோகிராம் குப்பி அதைவிட அதிகம்.

எங்களுக்கு மனித செல்லில், அதாவது மனிதச் சிறுநீரகத்திலிருந்து வந்த ஹெக் 293 செல்லில், தயாரித்த புரதம்தான் வேண்டும். பிடி-1இன் வெளிப்பகுதியில் நான்கு இடங்களில் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும். சில ஆன்டிபாடிகள் அந்தச் சர்க்கரையையும் சேர்த்தே பிடிக்கின்றன. கேம்ரெலிசுமாப் என்ற ஆன்டிபாடி மருந்து 58ஆவது இடத்துச் சர்க்கரையைச் சார்ந்திருப்பது தெரிந்த விஷயம். ஈ. கோலை பாக்டீரியாவில் தயாரித்தால் இந்தச் சர்க்கரை வராது. அதனால் அது உதவாத சரக்கு என்று சொல்ல மாட்டேன். படிக அமைப்பு ஆய்வுகளுக்கு அதைத்தான் பலரும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் கொட்டேஷனிலும் டேட்டாஷீட்டிலும் 'ஹெக் 293 செல்' என்று எழுதி, அதற்குரிய விலையையும் வாங்கிக்கொண்டு, வேறொன்றைக் கொடுப்பது மோசடி.

புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் எஸ்டிஎஸ்-பேஜ் ஜெல்லில் ஓட்டியபோதே தெரிந்துவிட்டது. அமினோ அமிலக் கணக்குப்படி வெளிப்பகுதியின் எடை சுமார் 17 கிலோடால்டன்தான். சர்க்கரை ஏறிய புரதம் 30க்கு மேல், அகலமாக, மங்கலாகப் பரவி நிற்கும். டேட்டாஷீட்டில் இருந்த படமும் அப்படித்தான். எங்கள் ஜெல்லிலோ 17இல் கோடு கிழித்தது போல ஒரே பட்டை.

விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்டோம். "லாட்டுக்கு லாட் கிளைகோசிலேஷன் கொஞ்சம் மாறும் மேடம்" என்றார், அதாவது தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி சர்க்கரை ஒட்டுவது மாறுமாம். கொஞ்சம் மாறலாம், சரி. அடியோடு காணாமல் போகுமா? சர்க்கரைச் சங்கிலியை வெட்டும் பிஎன்கேஸ் எஃப் நொதியைப் போட்டுப் பார்த்தோம். சர்க்கரை இருந்தால் வெட்டுப்பட்டுப் பட்டை கீழே இறங்க வேண்டும். ஒப்பிடுவதற்காகக் கூடவே வைத்த, சர்க்கரை ஏறிய ஆர்என்ஏஸ் பி புரதம் ஒழுங்காக இறங்கியது, எங்கள் பிடி-1 நகரவே இல்லை. (இதைச் செய்பவர்கள் நொதியை மட்டும் தனி லேனில் ஓட்டுங்கள். அதுவே 36 கிலோடால்டன், சர்க்கரை ஏறிய பிடி-1 என்று தவறாக எண்ண வாய்ப்புண்டு.)

அப்புறம் எண்டோடாக்சின், அதாவது பாக்டீரியாவிலிருந்து வரும் நச்சு. ஒரு மைக்ரோகிராமுக்கு 1 அலகுக்குக் கீழே என்று சான்றிதழ் சொன்னது. ஆனால் ரத்தத்திலிருந்து பிரித்த வெள்ளணுக்களில் இந்தப் புரதத்தைச் சேர்த்தால் அழற்சியைக் காட்டும் டிஎன்எஃப் ஆல்ஃபா எகிறியது. புரதத்தைக் கொதிக்க வைத்துப் போட்டோம், அப்போதும் குறையவில்லை. புரதத்தின் வேலையாக இருந்திருந்தால் கொதித்ததும் அடங்கியிருக்க வேண்டும். எண்டோடாக்சினான பாக்டீரியாவின் லிப்போபாலிசாக்கரைடு அந்தச் சூட்டைத் தாங்கும். அதைக் கட்டிப்போடும் பாலிமிக்சின் பி சேர்த்ததும் டிஎன்எஃப் சரிந்தது. எண்டோடாக்சினை அளக்கும் எல்ஏஎல் சோதனையும் அதையே சொன்னது.

இதற்கெல்லாம் பிறகு சான்றிதழை எடுத்து வரிவரியாகப் பார்த்தால், அதிலிருந்த லாட் எண்ணே குப்பியில் இல்லை. கேட்டதற்கு, உற்பத்தியாளர் அனுப்பியதை அப்படியே கொடுத்தோம் என்றார்கள். உற்பத்தியாளருக்கு நேரடியாக எழுதினால், உள்ளூர் விநியோகஸ்தரையே அணுகவும் என்று பதில். திறந்த குப்பியைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். திறக்காமல் ஜெல்லில் எப்படி ஓட்டுவது என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. நிதியாண்டு முடிவதற்குள் பில்லை முடிக்க வேண்டும் என்று அவசரப்படுத்தி, சோதிக்கும் முன்பே பணத்தை வாங்கிவிட்டார்கள். மார்ச் மாதத்தில் இந்த அவசரம் எல்லா ஆய்வகங்களுக்கும் உண்டு, அவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும்.

பர்ச்சேஸ் ஆர்டரிலேயே 'ஹெக் 293இல் தயாரித்தது, கேரியர் புரதம் (நிலைத்திருக்கச் சேர்க்கும் வேறு புரதம்) சேர்க்காதது, குப்பியின் லாட்டுக்கே உரிய சான்றிதழும் ஜெல் படமும் தேவை, சோதித்துப் பார்த்த பிறகே பணம்' என்று எழுதிவிடுங்கள். எங்கள் கணக்குப் பிரிவு இப்போது இந்த வரிகள் இல்லாத ஆர்டரை அனுப்புவதில்லை. ஏற்கெனவே குப்பி கையில் இருப்பவர்கள் செல்களில் போடும் முன் ஒரு மைக்ரோகிராமை ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள். 17இல் கூர்மையான பட்டை வந்தால் அந்தப் படத்தையும் லாட் எண் தெரியும்படி குப்பியின் படத்தையும் எடுத்து, அன்றே எழுத்துமூலம் புகார் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசினால் எதற்கும் ஆதாரம் இருக்காது.