லேர்னிங் ஹவ் டு லேர்ன்: அலுத்து வந்து உட்காருகிறவர்களுக்கான ஆன்லைன் வகுப்பு

கோர்செரா என்ற ஆன்லைன் வகுப்புத் தளத்தில் இருக்கும் 'லேர்னிங் ஹவ் டு லேர்ன்', அதாவது எப்படிப் படிப்பது என்று சொல்லித்தரும் வகுப்பு, 2014-ல் வந்தது, உலகம் முழுக்க லட்சக்கணக்கான பேர் சேர்ந்திருக்கிறார்கள், அதனால் இது புதுச் செய்தி இல்லை. ஆனால் வேலை, வீடு, பிள்ளைகளின் ஹோம்வொர்க் எல்லாம் முடிந்து ராத்திரி பத்து மணிக்கு லேப்டாப்பைத் திறக்கிற ஒருவருக்கு இது எப்படி இருக்கும் என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அந்தக் கண்ணோட்டத்தில்தான் இந்த விமர்சனம்.

பாடம் நடத்துகிறவர்கள் இரண்டு பேர். பார்பரா ஓக்லி, மிச்சிகனில் உள்ள ஓக்லண்ட் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பேராசிரியர். டெரன்ஸ் செஜ்னோவ்ஸ்கி, கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வு நிலையத்தில் இருக்கும் மூளை விஞ்ஞானி. ஓக்லி பள்ளிக்கூடத்தில் கணக்கு வராமல் தவித்தவர், ராணுவத்தில் சேர்ந்து ரஷ்ய மொழி படித்தவர், 26 வயதில்தான் கணக்கை அடியிலிருந்து ஆரம்பித்துப் பொறியியலுக்கு வந்தார். வளர்ந்து பெரியவரான பின் படிக்க உட்காருகிறவருக்கு எங்கே பயம் வரும், எங்கே கை தானாக ஃபோனைத் தேடும் என்று இவருக்குத் தெரிந்திருப்பதில் ஆச்சரியம் இல்லை.

பெரும்பாலான வீடியோக்கள் ஓக்லி வீட்டு பேஸ்மென்ட்டில் எடுத்தவை. கேமராவுக்குப் பின்னால் கணவர், மொத்தச் செலவு சுமார் 5,000 டாலர். இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. அதே 2014-ல் ஆய்வாளர் ஃபிலிப் குவோவும் கூட இருந்தவர்களும் கோர்செரா மாதிரியே இன்னொரு ஆன்லைன் வகுப்புத் தளமான எட்எக்ஸில் 69 லட்சம் தடவை வீடியோ பார்க்கப்பட்ட தரவுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஆட்கள் ஊன்றிப் பார்ப்பது ஏறக்குறைய ஆறு நிமிடம்தான் என்று தெரிந்தது. லட்சங்களைக் கொட்டி ஸ்டுடியோவில் எடுத்ததைவிட, ஆசிரியர் தன் மேஜையில் உட்கார்ந்து நேராக நம்மைப் பார்த்துப் பேசியதுதான் அதிகம் எடுபட்டது. இந்த வகுப்பில் பெரும்பாலான வீடியோக்கள் குட்டி குட்டியானவை, குக்கர் மூன்று விசில் விடுவதற்குள் ஒன்று முடிந்துவிடும்.

உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு சாம்பிள். நாம் ஒன்றைப் புரிந்துகொள்ளும்போது மனதில் ஒரே நேரத்தில் தாங்கக்கூடியது சுமார் நான்கு விஷயங்கள்தான் என்று ஆய்வாளர்கள் இப்போது சொல்கிறார்கள். இதைக் காட்ட ஓக்லி திரையில் ஒரு ஆக்டோபஸ் படத்தைக் கொண்டுவருகிறார். அதன் கைகள் மூளையின் பகுதிகளை எட்டிப் பிடித்து இணைக்கும், ஒன்றைப் பிடிக்க வேண்டுமென்றால் இன்னொன்றை விட வேண்டும். கோபமாகவோ பதற்றமாகவோ இருந்தால் அந்தக் கைகள் சரியாக எட்டாது. அலுத்துப்போய் வந்து புத்தகத்தைத் திறக்கிறவருக்கு இந்தப் படம் எவ்வளவு ஆறுதல் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு மண்டை மந்தமாகிவிட்டது, வயதாகிவிட்டது என்ற நினைப்பு அங்கேயே பாதி கரைந்துவிடுகிறது.

இதற்கு நேர் எதிரான அனுபவம், அலுவலகத்தில் வருஷா வருஷம் கட்டாயமாகப் பார்க்க வைக்கும் பயிற்சி. எந்த நிறுவனம் செய்தது என்பது வேண்டாம். ஸ்லைடில் பத்து வரி இருக்கும், அந்தப் பத்து வரியையும் ஒரு குரல் அப்படியே வாசிக்கும், அது முடியும்வரை 'நெக்ஸ்ட்' பட்டன் வேலை செய்யாது. நாமோ ஒலியை அணைத்துவிட்டு ஓரத்தில் ஓடவிட்டு மெயில் பார்த்துக்கொண்டிருப்போம். கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல ஆண்டுகள் சோதனை செய்து காட்டியது இதைத்தான்: படம் ஓடும்போது, சொல்வதையே எழுத்தாகவும் போட்டால் கவனம் சிதறும், கற்றல் குறையும். ஆனால் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படித்தவர்களுக்கு இது அப்படியே பொருந்தாது என்பது என் கருத்து. எனக்கு அமெரிக்க உச்சரிப்பு வேகமாகப் போகும் இடங்களில் சப்டைட்டில் இல்லாமல் பாதி தப்பிவிடும். இந்த வகுப்பில் அதை வேண்டும்போது போட்டு, வேண்டாதபோது எடுத்துவிடலாம், வேகத்தையும் குறைக்கலாம். தேவையானவர் கையில் ஸ்விட்சைக் கொடுப்பதுதான் நல்ல வடிவமைப்பு. கருவிகளை மனிதருக்கு ஏற்றபடி அமைப்பது பற்றி ஹியூமன் ஃபேக்டர்ஸ் ஆய்வு என்று பெரிய பெயரில் சொல்வதன் அடிப்படையே இதுதானே.

சரி, குறைக்கு வருவோம். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பதுதான் நிற்கும் என்று வகுப்பு முழுக்கச் சொல்கிறார்கள். சரியான பேச்சு. ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்கள் முன்னால் இருந்தார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டவர்கள் முந்திவிட்டார்கள். ஆனால் இந்த வகுப்பின் வினாக்களோ பெரும்பாலும் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவை. விடை கண்ணெதிரே இருக்கும்போது அதை அடையாளம் காண்பது வேறு, வெற்றுத் தாளில் எழுதுவது வேறு. அதனால் ஒரு யோசனை: ஒவ்வொரு வீடியோ முடிந்ததும் அடுத்ததற்குத் தாவாமல், பார்த்ததை இரண்டு மூன்று வரியில் தமிழிலேயே நோட்டில் எழுதுங்கள். வராவிட்டால் புரியவில்லை என்று அர்த்தம், திரும்பப் பாருங்கள். எனக்குக் கடைசிவரை நின்றது இப்படி எழுதியவை மட்டும்தான்.

செஜ்னோவ்ஸ்கி வரும் பகுதிகள் கொஞ்சம் இறுக்கம். வகுப்போடு வரும் பேட்டி வீடியோக்கள் விருப்பம் உள்ளவர்களுக்கு, விட்டாலும் நஷ்டமில்லை.

பாடங்களை முடிக்க வைக்கும் கெடு தேதிதான் எனக்கு முக்கியம். எம்ஐடி, ஹார்வர்டு பல்கலைக்கழகங்களின் ஆன்லைன் வகுப்புகளின் தரவுகளை வைத்து 2019-ல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரையின்படி, சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் சுமார் 3 சதவீதம்தான். இதைப் பார்த்துவிட்டு ஆட்களுக்குச் சிரத்தை இல்லை என்று பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் யார் படிப்பார்கள்? கோர்செராவில் தேதி தவறினால் ஒரு பட்டனை அழுத்திப் புதுத் தேதி வாங்கிக்கொள்ளலாம், அப்பாவிடம் கையெழுத்து வாங்கும் வேலையெல்லாம் இல்லை. இந்த ஒரு வசதியால்தான் பாதியில் நின்ற நான் மறுபடி உள்ளே போனேன்.

சான்றிதழ் வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டும். டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்கள், வேலையில் இருந்துகொண்டே தொலைதூரக் கல்வியில் பட்டம் படிப்பவர்கள், பத்து வருஷம் கழித்து மறுபடி கணக்கைத் தொடுகிறவர்கள் தாராளமாகச் சேரலாம். கல்லூரியில் நன்றாகப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இது அவ்வளவு அவசரம் இல்லை. நேரம் குறைவு என்றால் தள்ளிப்போடுதல், நினைவாற்றல் பற்றிய மூன்றாவது வாரத்தை மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.