சோச்சி நோட்டா, சோச்சி காசா, பெய்ஜிங் ஜோடியா?

குளிர்கால ஒலிம்பிக் நினைவுப் பொருள் என்றதும் பலருக்கும் பொம்மைதான் ஞாபகம் வரும். 2022-இல் பெய்ஜிங்கில் பிங் துவென் துவென் பாண்டாவுக்காக ஜனங்கள் வரிசையில் நின்றார்கள், கடைகளில் சரக்கே தீர்ந்துபோனது. ஆனால் கும்பகோணம், மாயவரம் பக்கத்துச் சுவர்கள் ஐப்பசியில் எப்படி ஓதம் ஏறி நிற்கும் என்று தெரிந்தவர்கள் பஞ்சு பொம்மையில் காசைப் போட மாட்டார்கள். அதை விடுங்கள். நாணயம், நோட்டு சேகரிக்கும் ஆசாமிகள் கேட்பது, வாங்கினால் 2014 சோச்சி ஒலிம்பிக்கினதா, பெய்ஜிங்கினதா என்பதுதான்.

அழகுக்கு என்று பார்த்தால் 2014 சோச்சிக்காக ரஷ்யா அடித்த 100 ரூபிள் நோட்டுக்கு ஈடு இல்லை. நெட்டுவாக்கில் அச்சடித்த நோட்டு, ஸ்னோபோர்டு வீரர் ஒருவர் காற்றில் பறக்கிறார், ஒளி ஊடுருவும் ஜன்னல் வேறு. 2 கோடி நோட்டுகள் அடித்திருக்கிறார்கள், அதனால் அபூர்வம் என்று யாராவது விலை ஏற்றினால் நம்ப வேண்டாம். சிக்கல் என்னவென்றால் அது காகிதம். நம் ஊர் ஈரத்தில் பழுப்புப் புள்ளி விழும், அதற்குப் பயந்து நம் ஆட்கள் நேரே லேமினேஷன் கடைக்குப் போவார்கள், அத்தோடு சேகரிப்பு மதிப்பு போச்சு.

அதே சோச்சிக்கு வந்த 25 ரூபிள் காசு குப்ரோ நிக்கல், அதாவது செம்பும் நிக்கலும் கலந்த உலோகம். சின்னம், முயல்-கரடி-சிறுத்தை, ஜோதி என்று சில வகைகள் உண்டு. பத்து கிராம் எடை, கையில் வைத்தால் கனமாக உட்காரும், குழந்தைகள் எடுத்துப் பார்த்தாலும் கிழியாது. மென்மையான பிவிசி உறையில் மட்டும் போடாதீர்கள், நாளாவட்டத்தில் பச்சை பிடிக்கும். வெள்ளிக் குத்துவிளக்கைத் துலக்குவது போல விபூதி போட்டுத் தேய்த்துவிடவும் கூடாது, அந்தக் கீறல் போகவே போகாது.

சோச்சி மேல் எனக்குக் கொஞ்சம் ஓரவஞ்சனை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கத்தில் இருந்ததால் தொடக்க விழாவில் நம்மவர்கள் ஒலிம்பிக் கொடியின் கீழ் நடந்தார்கள், நம் வீரர் சிவ கேசவன் லூஜ் எனும் பனிச்சறுக்கு வண்டிப் போட்டியில் ஓடியதும் அப்படித்தான், போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே தடை நீங்கி மூவர்ணம் ஏறியது.

பியாங்சாங் 2018 குளிர்கால ஒலிம்பிக்குக்குத் தென் கொரியா வெளியிட்ட 2000 வோன் நோட்டும் இருக்கிறது. அந்த நாட்டின் முதல் நினைவு நோட்டு, பின்பக்கம் பைன் மரத்தடிப் புலி. மொத்தமே 23 லட்சம்தான், அதனால் சோச்சியைவிட அரிது. ஆனால் இதுவும் காகிதமே.

பெய்ஜிங் 2022-இன் ஜோடிதான் வேடிக்கை. இரண்டும் 20 யுவான், பனிக்கட்டி விளையாட்டு நோட்டு பாலிமர் எனும் பிளாஸ்டிக், பனிச்சறுக்கு நோட்டு காகிதம். ஒரே ஆல்பத்தில், ஒரே கார்த்திகை மழையில் வைத்தால் ஒன்று அசையாது, இன்னொன்றுக்குத்தான் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் தேட வேண்டும். பாலிமரை மட்டும் தனியாக வாங்கலாமே என்று தோன்றும். ஜோடி பிரிந்தால் திரும்ப விற்பது கஷ்டம்.

என் ஓட்டு 25 ரூபிள் காசுக்கு. பீரோவை ஏசி அறையில் வைக்க வசதி இருப்பவர்கள் 100 ரூபிள் நோட்டை எடுங்கள், மடிப்பு விழாத, புழக்கத்துக்கே போகாத யுஎன்சி நோட்டாகப் பார்த்து.