கார்-டி செல்லா, என்கே செல்லா: கேன்சருக்கு எது?

எங்க சித்தப்பாவுக்கு லிம்போமாங்கிற நிணநீர் கேன்சர் திரும்பி வந்தப்ப வீட்ல ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க, ஒருத்தர் கார்-டி போடுங்கன்னாரு, இன்னொருத்தர் அய்யோ அது ஐசியு வரைக்கும் இழுத்துட்டுப் போயிடும், என்கே செல்தான் பயமில்லாததுன்னாரு. ரெண்டுமே நோய் எதிர்ப்பு செல்லையே மருந்தா ஏத்துற சிகிச்சை. அப்போ ஆரம்பிச்சு இது ரெண்டையும் விடாம படிச்சிட்டு வர்றேன். இன்னிக்கு நிலவரத்துக்கு, பி செல்லுங்கிற வெள்ளை அணுவுல வர்ற லிம்போமாவோ லுக்கேமியாவோ (ரத்த கேன்சர்) திரும்பி வந்த ஒருத்தருக்கு முதல்ல விசாரிக்க வேண்டியது கார்-டிதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனாலும் என்கே செல் மேல பெரிய நம்பிக்கை வச்சிருக்கேன்.

கார்-டிக்கு மூலமான டி செல், என்கேங்கிற நேச்சுரல் கில்லர் செல், ரெண்டுமே வெள்ளை அணு. ஆயுதமும் ஒண்ணுதான், பெர்ஃபோரின்ங்கிற புரதம் வச்சு கேன்சர் செல்லோட மேல் சவ்வுல ஓட்டை போட்டு கிரான்சைம்ங்கிற என்சைமை உள்ள அனுப்பி அந்த செல்லை தானாவே சாக வைக்கிறது. வித்தியாசம், யாரை அடிக்கணும்னு எப்படி முடிவு பண்ணுதுங்கிறதுல இருக்கு. நம்ம உடம்புல அநேகமா எல்லா செல்லும் உள்ள என்ன புரதம் தயாராகுதுன்னு துண்டு துண்டா ஹெச்எல்ஏங்கிற தட்டுல வச்சு வெளிய காட்டிக்கிட்டே இருக்கும். டி செல் அந்தத் துண்டைப் பார்த்துதான் அடிக்கும். கேன்சர் தந்திரமா தட்டையே உள்ள இழுத்துக்கிச்சுன்னா டி செல்லுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா என்கே செல்லுக்கு தட்டு இல்லாம நிக்கிறதே சந்தேகம்! 1975-ல ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா நிறுவனத்துல கீஸ்லிங் குழுவும் அமெரிக்காவுல ஹெர்பர்மன் குழுவும் இந்த செல்லை அடையாளம் கண்டாங்க, தட்டு விஷயத்தை 1986-ல கிளாஸ் கேரே குழு எலியில காட்டுச்சு, தட்டு இருந்த லிம்போமா வளர்ந்துச்சு, தட்டு இல்லாததை என்கே அழிச்சிடுச்சு. ஆனா தட்டு இல்லன்னா மட்டும் போதாது, சிவப்பணுவுலயும்தான் அது கிடையாது, அதை என்கே தொடுறதில்லயே. செல் கெட்டுப்போய் திணறும்போது மேல முளைக்கிற மைகா மாதிரி அபாய அறிகுறியும் வேணும். ரெண்டையும் கூட்டிக் கழிச்சுப் பார்த்துதான் அது முடிவு எடுக்கும், இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு தூக்கமே வரல.

கார்-டில டி செல்லோட அந்த பலவீனத்தையே தாண்டிட்டாங்க. நோயாளியோட டி செல்லை எடுத்து, பி செல்லோட மேல இருக்குற சிடி19-ங்கிற புரதத்தை நேரடியா பிடிக்கிற ஒரு ரிசப்டரை (கொக்கி மாதிரி) ஒட்ட வச்சு திருப்பி ஏத்துவாங்க, தட்டு தேவையே இல்ல. 2012-ல ஃபிலடெல்ஃபியாவுல முதல் குழந்தைக்கு குடுத்தாங்க, 2017 ஆகஸ்ட்ல கிம்ரியாங்கிற கார்-டி மருந்துக்கு அமெரிக்காவுல அனுமதி. அதுக்கு ஆதாரமா இருந்த ஆய்வுல, திரும்பி வந்த லுக்கேமியா உள்ள 75 பேர்ல 81 சதவீதம் பேருக்கு மூணு மாசத்துக்குள்ள நோய் தணிஞ்சது. 2010-ல போட்டுக்கிட்ட ரெண்டு பேர் உடம்புல பத்து வருஷம் கழிச்சும் அந்த செல்கள் உயிரோட இருந்துச்சு. இந்த நீடிப்புதான் கார்-டியோட பெரிய பலம்.

ஆனா அதே ஆய்வுல 77 சதவீதம் பேருக்கு சைட்டோகைன் புயல் வந்துச்சு, அதாவது எதிர்ப்பு செல்கள் சுரக்கிற ரசாயனம் அளவு மீறிப் போறது, காய்ச்சல், பிரஷர் இறங்குறது, சிலருக்கு ஐசியு. சித்தப்பாவுக்கு கடைசில கார்-டிதான் போட்டோம், அஞ்சாறு நாள் காய்ச்சல் விடவே இல்ல, அந்தப் புயலை அடக்குற டோசிலிசுமாப் மருந்து போட்டதுக்கப்புறம்தான் அடங்குச்சு, அந்த ராத்திரிகளை நான் மறக்க மாட்டேன். அதுக்கு முன்னாடி செல் எடுத்துட்டு, அது தயாராகி வர்ற வரைக்கும் நோய் முந்திக்கக் கூடாதேன்னு வாரக்கணக்கா காத்திருந்தது இன்னொரு கொடுமை. விலையும் சும்மா இல்ல. கிம்ரியா வந்தப்ப 4,75,000 டாலர். ஐஐடி பாம்பேயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கின நெக்ஸ்கார்19-ங்கிற கார்-டிக்கு 2023 அக்டோபர்ல அனுமதி கிடைச்சு 40 லட்ச ரூபாய் பக்கத்துல வந்தது பெரிய விஷயம்தான், ஆனா 40 லட்சம் எத்தனை வீட்ல இருக்கு?

என்கே முந்துறது இங்கதான். வேற ஒருத்தரோட டி செல்லை அப்படியே ஏத்தினா அது நோயாளியோட உடம்பையே தாக்கும், என்கே செல் அப்படி பண்றதில்ல. அதனால தொப்புள்கொடி ரத்தத்துல இருந்து எடுத்து, தயார் பண்ணி, உறைய வச்சு, தேவைப்படுறப்ப எடுத்து ஏத்தலாம், ஒரே கொடியில இருந்து பல பேருக்கு மருந்து. அமெரிக்காவுல ஹூஸ்டன் எம்டி ஆண்டர்சன் கேன்சர் ஆஸ்பத்திரியில கேட்டி ரெஸ்வானி குழு, சிடி19 ரிசப்டர் வச்ச கார்-என்கேவை 11 பேருக்கு குடுத்து 2020-ல முடிவை வெளியிட்டாங்க, 8 பேருக்கு பலன், அதுல 7 பேருக்கு நோய் முழுசா மறைஞ்சது, சைட்டோகைன் புயல் ஒருத்தருக்கும் இல்ல. இன்னொண்ணு, கேன்சர் சிடி19-ஐ மறைச்சா கார்-டி தோத்துடும், கார்-என்கேக்கு அதோட பிறவி மோப்பமும் கூடவே இருக்கு.

அப்புறம் ஏன் இதை முதல்ல சொல்லலைன்னா, நீடிப்பு. என்கே செல்லோட ஆயுசு பொதுவா வாரக்கணக்குதான், அதை வளரத் தூண்டுற ஐஎல்-15-ங்கிற புரதத்தை சேர்த்து இழுத்துப் பிடிக்கிறாங்க. 2024-ல அதே குழு 37 பேரோட முடிவை வெளியிட்டப்ப, ஒரு வருஷத்துல உயிரோட இருந்தவங்க 68 சதவீதம், நோய் முத்தாம இருந்தவங்க 32 சதவீதம்தான். அதுலயே தெரிஞ்ச ஒரு விஷயம், பிரசவம் முடிஞ்சு 24 மணி நேரத்துக்குள்ள உறைய வச்ச கொடி ரத்தம் நல்லா வேலை செஞ்சிருக்கு. மூலப்பொருளோட தரம் அவ்வளவு முக்கியம். ரெண்டையும் நேருக்கு நேர் மோதவிட்டு வந்த எண்ணும் இல்ல இது, நோயாளிகளே வேற வேற, அதனால 81-ஐயும் 68-ஐயும் பக்கத்துல வச்சு கணக்கு போடாதீங்க.

நுரையீரல், கணையம் மாதிரி கட்டி கேன்சர்ல ரெண்டுமே இன்னும் திணறுது. கட்டி மைகாவை உதிர்த்து விட்டு என்கேவை ஏமாத்தும், டிஜிஎஃப்-பீட்டாங்கிற புரதத்தை சுரந்து அதை மந்தமாக்கும். கொஞ்சம் வெளிச்சம் தெரியறது சிறுநீர்ப்பையில. நம்ம கைல தழும்பா இருக்குற அதே பிசிஜியோட, என்கேவையும் டி செல்லையும் உசுப்பிவிடுற ஐஎல்-15 மருந்து ஆன்க்டிவாவை சேர்த்து சிறுநீர்ப்பைக்குள்ள குடுக்க 2024 ஏப்ரல்ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. செல்லை வெளிய எடுக்காம இருக்குற இடத்துலயே எழுப்பிவிடுற வழி இது.

கடைசியா ஒண்ணு. சித்தப்பாவுக்கு ஒரு இடத்துல லட்சக்கணக்குல காசு வாங்கிட்டு என்கே செல் ஏத்துறோம், எந்த கேன்சருக்கும் கேட்கும்னு சொன்னாங்க. எங்களுக்கு அப்போ கேள்வி கேட்கத் தெரியல. உங்ககிட்ட யாராவது சொன்னா கேளுங்க: செல் யாரோடது, ரிசப்டர் வச்சதா வெறும் செல்லா, எத்தனை நாள் உடம்புல இருக்கும், இது ஆய்வுன்னா சிடிஆர்ஐ (இந்தியாவுல மருத்துவ ஆய்வுகளைப் பதியுற பதிவேடு) பதிவு எண் என்ன, ஆய்வுக்கு எதுக்கு என்கிட்ட காசு. பதிலை எழுதி வாங்கிட்டு வந்து உங்க ஆன்காலஜிஸ்ட்கிட்ட காட்டுங்க, அதுக்கு முன்னாடி அட்வான்ஸ் கட்டாதீங்க.